ஸ்டாட்டும் பஃப்பும்: ரோல் பிளேயிங் கேமில் பண்புகளையும் பலமூட்டும் மந்திரங்களையும் சமன்செய்யும் முழு வழிகாட்டி

‘வலிமை +4’ என்று ஒரு மந்திரத்தை எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த +4 யாருக்கு எவ்வளவு பெறும் என்று கணக்குப் போடுவதில்தான் நேரம் போகும். இருபது முகப் பகடையில் ஆடும்போது வலிமை 4 கூடினால் மாடிஃபையர் (உருட்டிய எண்ணோடு கூட்டும் எண்) 2 கூடும். ஒரு முகத்துக்கு 5 சதவீதம் வீதம், அடி விழும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளி ஏறும். 25 சதவீதம் அடிக்கிறவருக்கு அது 35 ஆகிறது. அதனால் மட்டுமே அவர் கொடுக்கும் சராசரி டேமேஜ் (எதிரிக்கு ஏற்படும் சேதம்) 40 சதவீதம் உயர்கிறது. 85 சதவீதம் அடிக்கிறவருக்கு 95 ஆகிறது. உயர்வு சுமார் 12 சதவீதம்தான். மந்திரம் ஒன்று, மானா (மந்திரம் போடும் சக்தி) செலவும் ஒன்று, பலனோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

அதனால் இங்கே முதலிலிருந்து கடைசிவரை ஒரே முறைதான்: பஃப்பை (பலமூட்டும் மந்திரத்தை) அதில் எழுதியிருக்கும் எண்ணால் அளக்காமல், ஆட்டத்தில் அது மாற்றும் விளைவால் அளப்பது. சொந்தமாக விதி எழுதுகிறவர்கள், மேசையில் ஆட்டம் நடத்தும் டிஎம்கள், கணினி ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) உருவாக்குகிறவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டத்திலிருந்து வருகின்றன. பல பதிப்புகளாகத் திருத்தப்பட்ட ஆட்டம் என்பதால், எது உடைந்தது, எப்படி ஒட்டினார்கள் என்று பார்க்க அதுவே வசதி.

படி 1: ஒவ்வொரு பண்பும் எதற்கெல்லாம் தீனி போடுகிறது?

ஒரு தாளில் இடப்பக்கம் பண்புகளை எழுதுங்கள்: வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, மனத்தெளிவு, வசீகரம். வலப்பக்கம் ஆட்டத்தில் உருட்டப்படும், கணக்கிடப்படும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: அடி விழுவது, டேமேஜ், ஆர்மர் (கவசத் தற்காப்பு), ஹெச்பி (உயிர்ப்புள்ளி), முந்திச் செயல்படுவது, மந்திரத்தைத் தாங்குவது, சுமை, பேச்சு. பிறகு எது எதைப் பாதிக்கிறதோ அங்கே அம்பு போடுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் (ஐந்தாம் பதிப்பு) இப்படி வரைந்தால் சுறுசுறுப்பிலிருந்து அம்புகள் குவியும். ஆர்மர், முந்திச் செயல்படுதல், வில்லின் அடியும் டேமேஜும், லேசான வாள்களின் அடியும் டேமேஜும், பொறியிலிருந்து தப்புதல், ஒளிந்து நடத்தல் என்று எல்லாமே அதில்தான். அறிவிலிருந்து ஓரிரு அம்புகளே கிளம்பும். அதனால்தான் மந்திரவாதி தவிர மற்றவர்கள் பெரும்பாலும் அறிவை 8-இலேயே விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் வைத்திருக்கும் எல்லை இது: தாக்குதலையும் தற்காப்பையும் ஒரே பண்பு ஒரே ஆளுக்குக் கொடுத்தால், அது எல்லோருக்கும் கட்டாயப் பண்பாகிவிடும், அதன்மேல் போடும் பஃப்பும் கட்டாயமாகிவிடும். அப்படிப்பட்ட பண்பிலிருந்து ஓர் அம்பையாவது பிடுங்கி, காய்ந்து கிடக்கும் பண்புக்குக் கொடுங்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதைச் செய்தது. லேசான கவசம் அணிந்தவர் சுறுசுறுப்பு, அறிவு இரண்டில் எது அதிகமோ அதை ஆர்மரில் சேர்த்துக்கொள்ளலாம். தாங்கும் திறன்களும் அப்படியே: வலிமை அல்லது உடலுறுதி, சுறுசுறுப்பு அல்லது அறிவு, மனத்தெளிவு அல்லது வசீகரம். அந்தப் பதிப்பு பலருக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். இந்த ஓர் ஏற்பாடு எடுத்துப் பயன்படுத்தத் தகுந்தது.

படி 2: அடியும் டேமேஜும் சேர்ந்தால் கூட்டல் அல்ல, பெருக்கல்

எட்டு முக டேமேஜ் பகடை உள்ள வாள், சராசரி 4.5. வலிமை மாடிஃபையர் 3. ஆக ஓர் அடிக்கு 7.5. அடி விழும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால் ஒரு வீச்சுக்குச் சராசரி 4.5 டேமேஜ். விசேஷ அடிகளை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம். இங்கே மாடிஃபையரை 2 கூட்டிப் பாருங்கள்.

அடி விழும் வாய்ப்பு மட்டும் கூடினால்: 7.5 × 0.70 = 5.25. உயர்வு 17 சதவீதம்.
டேமேஜ் மட்டும் கூடினால்: 9.5 × 0.60 = 5.70. உயர்வு 27 சதவீதம்.
இரண்டும் கூடினால்: 9.5 × 0.70 = 6.65. உயர்வு 48 சதவீதம்.

17-ஐயும் 27-ஐயும் கூட்டினால் 44தான். மீதி 4, இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால் வருவது. இதே ஆள் ஒரு சுற்றில் மூன்று முறை வீசினாலும் சதவீதம் மாறாது, ஆனால் கிடைக்கும் மொத்த டேமேஜ் மூன்று மடங்கு. எனவே பண்பையே உயர்த்தும் மந்திரம் எப்போதும் விலை உயர்ந்தது. சந்தேகமாக இருந்தால் பண்பைத் தொடாமல் ‘அடி விழ +2’ அல்லது ‘டேமேஜ் +2’ என்று ஒன்றை மட்டும் கொடுங்கள். புதிதாக விதி எழுதுகிறவர்களுக்கு எங்கள் அழுத்தமான பரிந்துரை இது. பாதித் தலைவலி இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 3: பண்பிலிருந்து மாடிஃபையர் - ஒற்றைப்படை எண்ணின் சிக்கல்

மூன்றாம் பதிப்பு முதல் வழக்கத்தில் உள்ள சூத்திரம் எளிது. பண்பிலிருந்து 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னத்தைக் கீழ்நோக்கி வெட்டவேண்டும். 14-க்கு 2, 15-க்கும் 2, 16-க்கு 3. ஒற்றைப்படையில் நிற்கும் கடைசிப் புள்ளி சும்மா கிடக்கிறது.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் ‘புல்ஸ் ஸ்ட்ரெங்த்’ மந்திரம் நான்கு முகப் பகடையை உருட்டி ஒன்று கூட்டி, 2 முதல் 5 வரை வலிமை தந்தது. 14 உள்ளவருக்குப் போட்டால் மாடிஃபையர் உயர்வு 1, 1, 2, 2; சராசரி ஒன்றரை. 15 உள்ளவருக்குப் போட்டால் 1, 2, 2, 3, சராசரி இரண்டு. ஒரே மந்திரம், பண்பு ஒற்றைப்படையாக இருப்பவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேலை செய்தது. 2003-இல் வந்த 3.5 திருத்தத்தில் பகடையை எடுத்துவிட்டு நிலையான +4 வைத்தார்கள். யாருக்குப் போட்டாலும் சரியாக மாடிஃபையர் 2.

பஃப்பை எப்போதும் இரட்டைப்படையில் வையுங்கள். அல்லது பண்பை விட்டுவிட்டு மாடிஃபையரையே உயர்த்துங்கள்.

அதே திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது, அதுதான் பெரியது. முன்பு மந்திரம் போடுகிறவரின் ஒரு லெவலுக்கு ஒரு மணி நேரம் நீடித்தது, ஒரு லெவலுக்கு ஒரு நிமிடமானது. 7-ஆம் லெவல் மந்திரவாதிக்கு 7 மணி நேரம் என்றால் காலையில் போட்டுவிட்டு நாள் முழுக்க மறந்துவிடலாம். பெயரளவில்தான் அது மந்திரம். நடைமுறையில் அது நிரந்தர ஸ்டாட். 7 நிமிடம் என்றால் ஒரு சண்டைக்கு, அடுத்த அறைக்கு ஓடினால் இரண்டு சண்டைக்கு. எப்போது போடுவது என்று யோசிக்கவேண்டிய கட்டாயம் வந்தது. கால அளவை முடிவுசெய்யும்போது நிமிடத்தில் யோசிக்காதீர்கள். ‘எத்தனை சண்டை’ என்று கேளுங்கள்: ஒரு சண்டையில் பாதி, ஒரு சண்டை, ஒரு நாள். இந்த மூன்றுக்கும் மூன்று விலை.

படி 4: தொடக்கப் புள்ளிகள்

பகடை உருட்டிப் பண்பு தீர்மானிக்கும் முறையில் சமநிலையை எதிர்பார்க்கவே முடியாது. நான்கு ஆறு முகப் பகடைகளை உருட்டிச் சிறியதை விட்டால் சராசரி 12.24, ஆனால் ஒரே மேசையில் ஒருவர் 17-உம் இன்னொருவர் 13-உம் உச்சமாக வைத்திருப்பது சாதாரணம். புள்ளி கொடுத்து வாங்கும் முறைதான் சோதனைக்கு ஏற்றது. 2014 பதிப்பில் 27 புள்ளி. 8-க்கு விலை 0, 9-க்கு 1, 10-க்கு 2, 11-க்கு 3, 12-க்கு 4, 13-க்கு 5, 14-க்கு 7, 15-க்கு 9. கடைசி இரண்டு படிகளும் இரட்டை விலை என்பதைக் கவனியுங்கள். உச்சிக்குப் போகப் போக விலை ஏறாவிட்டால், எல்லோரும் ஒன்றில் மட்டும் கொட்டி மற்றதைக் காயவிடுவார்கள்.

இதே 27 புள்ளியில் இரண்டு எதிரெதிர் ஆட்களை இப்போதே உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் தேவைப்படுவார்கள். கூர்மையான ஆள்: 15, 15, 15, 8, 8, 8. பரந்த ஆள்: 13, 13, 13, 12, 12, 12.

படி 5: பஃப்பின் நான்கு வடிவங்கள்

எண்ணைக் கூட்டுவது முதல் வடிவம். எளிது, ஆனால் மேலே பார்த்தபடி யாருக்கு எவ்வளவு பயன் என்பது சீராக இருக்காது.

எண்ணை ஒரே இடத்தில் நிறுத்துவது இரண்டாவது. ‘காண்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர்’ என்ற கையுறை, அணிந்தவரின் வலிமையை 19 ஆக்கும். வலிமை 8 உள்ளவருக்கு மாடிஃபையர் -1 இலிருந்து +4-க்குத் தாவும். பாடுபட்டு 18 வரை கொண்டுவந்தவருக்கு 18-உம் 19-உம் ஒன்றேதான், மாடிஃபையர் 4. ஒரு பயனும் இல்லை. வலிமைக்காக உழைத்த ஆளுக்கு வலிமைக் கையுறை உதவவில்லை! இது தெரிந்த ஆட்டக்காரர்கள் வலிமையை 8-இல் விட்டுவிட்டுக் கையுறைக்காகக் காத்திருப்பார்கள். இந்த வடிவம் வேண்டுமென்றால் நிறுத்தும் எண்ணைச் சராசரிக்குச் சற்று மேலே, 13 அல்லது 14-இல் வையுங்கள். அப்போது அது பலவீனத்தை மூடும் உதவி. உச்சிக்கு ஏறும் குறுக்குவழியாகாது.

கூடுதல் பகடை மூன்றாவது. ‘பிளெஸ்’ மந்திரம் மூன்று பேர் வரை அடிக்கும் முயற்சியிலும் தாங்கும் முயற்சியிலும் ஒரு நான்கு முகப் பகடையைச் சேர்க்கிறது. சராசரி 2.5, அதாவது 12.5 புள்ளி. பகடை கையில் உருள்வதால் ஆட்டக்காரர் அதை மறக்கமாட்டார். மேசையில் இது பெரிய நன்மை.

நான்காவது அட்வான்டேஜ்: இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது. 11 தேவைப்படும் இடத்தில் 50 சதவீதம் 75 ஆகிறது. 6 தேவையென்றால் 75 என்பது 93.75. 16 தேவையென்றால் 25 என்பது 43.75. 20 தேவையென்றால் 5 என்பது 9.75 மட்டுமே. நடுவில் அள்ளிக் கொடுக்கிறது, இரு ஓரங்களிலும் தானாகவே அடங்கிவிடுகிறது. முக்கியமாக, பகடையால் முடியாததை இதுவும் முடிக்காது. 24 தேவையென்றால் எத்தனை பகடை உருட்டினாலும் 24 வராது. பழைய புல்ஸ் ஸ்ட்ரெங்த் வகை மந்திரங்கள் 2014 பதிப்பில் ‘என்ஹான்ஸ் அபிலிட்டி’ என்ற ஒரே மந்திரத்துக்குள் அடங்கின. அது பண்பை உயர்த்துவதில்லை. அந்தப் பண்பைச் சார்ந்த முயற்சிகளுக்கு அட்வான்டேஜ் தருகிறது. அடி, டேமேஜ் எதையும் தொடாது. சண்டைக்கு வெளியே பயன்படும் பஃப்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வடிவம் இல்லை.

படி 6: ஸ்டாக் ஆகும் (ஒன்றன்மேல் ஒன்று சேரும்) விதி

தனித்தனியே பார்த்தால் நியாயமான மூன்று பஃப்கள் ஒரே ஆள்மேல் ஏறும்போதுதான் ஆட்டம் உடைகிறது. மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வகை வைத்தது: ஒரே வகையில் இரண்டு வந்தால் பெரும்பாலும் பெரியது மட்டும் செல்லும். வலிமை தரும் பெல்ட்டும் புல்ஸ் ஸ்ட்ரெங்த்தும் ஒரே வகை என்பதால் ஒன்றோடொன்று சேராது. கொள்கை சரி, ஆனால் வகைகள் ஏராளமாகி, ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தேடிச் சேர்ப்பதே தனி ஆட்டமாகிவிட்டது.

மூன்று வகை போதும்: பொருள், மந்திரம், சூழல். ஒவ்வொன்றிலும் பெரியது மட்டும். பொருளுக்கு உச்சம் 2, மந்திரத்துக்கு 2, சூழலுக்கு 1 என்றால் மொத்தம் 5. பகடையில் 25 புள்ளி. அதற்குமேல் யாராலும் போக முடியாது என்று எதிரிகளைத் தயங்காமல் வடிவமைக்கலாம். குறைக்கும் மந்திரங்களுக்கும் இதே விதி. இல்லையென்றால் நான்கு பேர் சேர்ந்து ஒரே எதிரியைச் செயலற்றவனாக்கிவிடுவார்கள்.

2014 பதிப்பின் கான்சன்ட்ரேஷன் இன்னொரு பூட்டு. ஒருவர் ஒரு நேரத்தில் அப்படிப்பட்ட ஒரு மந்திரத்தைத்தான் பிடித்திருக்கலாம். அடிபட்டால் 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இதில் எது பெரிதோ அதை உடலுறுதி கொண்டு தாண்டவேண்டும். தவறினால் மந்திரம் கலையும். ஆனால் இது மந்திரம் போடுகிறவரைத்தான் கட்டுப்படுத்துகிறது, வாங்குகிறவரை அல்ல. குழுவில் மூன்று மந்திரவாதிகள் இருந்தால் ஒரே வீரன்மேல் மூன்று பஃப். ஆகவே வாங்குகிறவருக்கும் உச்சவரம்பு வேண்டும். இரண்டு பூட்டும் சேர்ந்தால்தான் கதவு நிற்கும்.

சதவீதத்தில் ஓடும் கணினி ஆட்டங்களில் ஆபத்து இன்னும் கூடுதல். 30 சதவீத பஃப் ஐந்தைக் கூட்டினால் 2.5 மடங்கு; பெருக்கினால் 3.7 மடங்கு. எல்லாச் சதவீதங்களையும் முதலில் கூட்டி, ஒரே ஒரு முறை பெருக்குங்கள். டேமேஜைக் குறைக்கும் ஆர்மருக்கு நேரடிச் சதவீதமே வேண்டாம். 50-லிருந்து 75 ஆக்கினால் வாங்கும் அடி பாதியாகிறது. அடுத்து வெறும் 15 கூட்டி 90 ஆக்கினால் அதைவிட அதிகமாக, 25 என்பது 10 ஆகச் சரிகிறது. ஆர்மரை, ஆர்மரோடு 100 கூட்டியதால் வகுக்கும் சூத்திரம் நல்லது. ஆர்மர் 100 என்றால் அடி பாதி. 200 என்றால் மூன்றில் ஒன்று. 300 என்றால் நான்கில் ஒன்று. ஒவ்வொரு 100-உம் ஹெச்பியை இன்னொரு பங்கு நீட்டித்தது போல, ஒரே சீராக.

படி 7: வட்டங்களைத் தேடுங்கள்

படி 1-இல் வரைந்த தாளை மறுபடி எடுங்கள். மந்திரங்களையும் மருந்துகளையும் அதில் சேர்த்து, அம்பு கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். 2002-இல் வந்த மோரோவிண்ட் என்ற கணினி ஆட்டத்தில் அறிவு கூடினால் காய்ச்சும் மருந்தின் வீரியம் கூடும். அறிவைக் கூட்டும் மருந்தையும் காய்ச்சலாம். காய்ச்சிக் குடித்து, அந்த அறிவோடு இன்னும் வீரியமாகக் காய்ச்சி, மறுபடி குடிக்க, எண்கள் எல்லையில்லாமல் ஏறின. 2011-இல் வந்த ஸ்கைரிம் ஆட்டத்திலும் குணமாக்கும் வித்தையை உயர்த்தும் மருந்து, மருந்து காய்ச்சும் திறனைக் கூட்ட அணிந்த பொருள்களின் மந்திர வீரியத்தையும் சேர்த்து உயர்த்தியதால் இதே வட்டம் வேறு வழியில் வந்தது.

இந்த வட்டத்தை உடைப்பது எளிது: மருந்து காய்ச்சுவதும் மந்திரம் ஏற்றுவதும் பஃப் சேராத அடிப்படைப் பண்பை மட்டுமே பார்க்கவேண்டும். மானாவிலும் இதே கண்ணி உண்டு. 10 மானா செலவழித்துப் போடும் அறிவு மந்திரம், மொத்த மானாவையும் கையிருப்பையும் 15 உயர்த்தினால், போடும் ஒவ்வொரு முறையும் 5 இலவசம். உச்சத்தை உயர்த்துங்கள், கையிருப்பை நிரப்பாதீர்கள்.

படி 8: எண்ணைச் சேமிக்கும் முறை

புரோகிராம் எழுதுகிறவர்கள் அதிகம் தவறும் இடம். பஃப் ஏறும்போது கூட்டி, இறங்கும்போது கழிப்பது இயல்பாகத் தோன்றும்; அதுவே பிழை. அடிப்படை 14, உச்சவரம்பு 20, பஃப் 8 என்று வையுங்கள். ஏறும்போது 20-இல் முட்டி நிற்கும். இறங்கும்போது 8-ஐக் கழித்தால் 12. ஆட்டக்காரர் 2 புள்ளியை நிரந்தரமாக இழந்துவிட்டார். சதவீதமும் அப்படியே: 50-ஐ 1.2-ஆல் பெருக்கி 60, நடுவில் லெவல் ஏறி 5 கூடி 65, இறங்கும்போது 1.2-ஆல் வகுத்தால் 54.17. வந்திருக்கவேண்டியது 55.

அடிப்படை எண்ணைத் தொடாமல் வையுங்கள். பஃப்களைத் தனிப் பட்டியலாக வைத்து, பட்டியல் மாறும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்கிடுங்கள். வரிசை: அடிப்படை, பிறகு நிறுத்தும் எண், பிறகு கூட்டல், பிறகு சதவீதம், பிறகு வரம்பு, கடைசியாக முழு எண்ணாக்குதல். நடுவில் எங்கும் முழு எண்ணாக்கவேண்டாம்.

உடலுறுதி பஃப் தனிக் கவனம் கேட்கும். 3.5 விதியில் 8-ஆம் லெவல் வீரனுக்கு உடலுறுதி +4 என்றால் லெவலுக்கு 2 வீதம் 16 ஹெச்பி கூடும். மந்திரம் முடிந்ததும் 16-உம் போய்விடும். சண்டையில் அடிபட்டு 10 ஹெச்பியோடு ஜெயித்து நிற்பவர், யாரும் தொடாமலே -6-க்குப் போய் விழுவார். தற்காலிக ஹெச்பியாகக் கொடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. அடி முதலில் அதைத் தின்னும், மீதமிருந்தால் முடிவில் அது மட்டும் மறையும். 2014 பதிப்பின் என்ஹான்ஸ் அபிலிட்டியில் உடலுறுதி வடிவம் இரண்டு ஆறு முகப் பகடை தற்காலிக ஹெச்பி தந்தது இப்படித்தான்.

படி 9: ஒரு முறை போடுவதன் விலை

பஃப்பின் உண்மையான விலை மானா அல்ல. அதைப் போட்ட முறையில் (டர்னில்) அடிக்காமல் விட்ட அடி. மந்திரவாதி ஒரு முறைக்கு 10 டேமேஜ் கொடுப்பார், வீரர் ஒரு முறைக்கு 15, பஃப் போட்டபின் வீரருக்கு 3 முறை மீதி என்று வைத்துக்கொள்வோம். வீரர் கொடுக்கப்போவது 45. பஃப் இதை 10 உயர்த்தினால்தான் போட்டதற்குச் சமம். அதாவது 22 சதவீதம். சண்டை நீண்டு 7 முறை மீதியிருந்தால் 105-இல் 10, ஏறக்குறைய 9.5 சதவீதமே போதும்.

பிளெஸ்ஸை இதில் போடுங்கள். 60 சதவீத வாய்ப்பு 72.5 ஆகிறது, டேமேஜ் உயர்வு 21 சதவீதம். ஒருவருக்கு மட்டும் போட்டால் 45-இல் சுமார் 9.4, நஷ்டம். மூன்று பேருக்குப் போட்டால் 28. மந்திரத்தின் பலம் பகடையில் இல்லை, ‘மூன்று பேர்’ என்ற சொல்லில் இருக்கிறது. எத்தனை பேருக்கு என்பதை மாற்றுவதே விலையைத் திருத்தும் மிகக் கூரிய கருவி. எண்ணை மாற்றும் முன் இதைத் திருப்பிப் பாருங்கள்.

நீங்கள் எதிர்பார்க்கும் சண்டை நீளத்தில், சமப் புள்ளியைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு பலன் தரும் பஃப் நன்றாக இருக்கும். இரண்டு மடங்கைத் தாண்டினால் கலைக்கும் வழி ஒன்றை எதிரிக்குக் கொடுங்கள். சண்டைக்கு முன்பே போட முடிகிற பஃப்புக்கு இந்த விலை பூஜ்யம் என்பதையும் மறக்கவேண்டாம்.

படி 10: பதினெட்டுக் கட்டங்கள்

கூர்மையான ஆள், பரந்த ஆள் இருவரையும் எடுங்கள். எளிய, சமமான, கடினமான தற்காப்புள்ள மூன்று எதிரிகள். பஃப் இல்லாமல், ஒரு பஃப்போடு, விதி அனுமதிக்கும் உச்ச பஃப்போடு. மொத்தம் 18 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அடி விழும் வாய்ப்பையும் ஒரு சுற்றின் சராசரி டேமேஜையும் எழுதுங்கள்.

வாய்ப்பு 95-ஐத் தொடும் கட்டம் இருந்தால் அங்கே அடுத்த பஃப் செத்த எடை. சமமான எதிரியிடம் பஃப் இல்லாத கட்டம் 50-க்குக் கீழே போனால், பஃப் வரியாகிவிட்டது. ஆட்டக்காரர் அதைக் கட்டித்தான் விளையாடவேண்டும். இது நடப்பது பெரும்பாலும், பஃப் போட்ட குழு சுலபமாக ஜெயிக்கிறது என்று எதிரிகளின் எண்ணை ஏற்றியதால். எதிரிகளைப் பஃப் இல்லாத குழுவுக்கே அளந்து வையுங்கள். பஃப் போட்டவர்கள் வேகமாக ஜெயிக்கட்டும். அதற்காகத்தானே ஒரு முறையைச் செலவழித்தார்கள்.

கூர்மையான ஆளுக்கும் பரந்த ஆளுக்கும் இடையிலான வித்தியாசம், உச்ச பஃப்பில் இரண்டு மடங்காக விரிந்தால் ஸ்டாக் விதி தளர்ந்திருக்கிறது என்று பொருள். இடைவெளி அறவே மறைந்தால் எண்ணை நிறுத்தும் பஃப் எங்கோ ஒளிந்திருக்கிறது. திருத்தும்போது கால அளவு, ஆள் எண்ணிக்கை, எண், இந்த வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, 18 கட்டங்களையும் மறுபடி நிரப்புங்கள்.